ஆறு ஆண்டுக் கணக்கு: சிகாகோ ஒயிட் சாக்ஸின் வீழ்ச்சியும் பேஸ்பாலின் மாறும் விதிகளும்

2024 செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட் நகரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி அந்தப் பருவத்தின் 121ஆவது தோல்வியைச் சந்தித்தது. அமெரிக்க பேஸ்பாலின் நவீன காலம் என்று கொள்ளப்படும் 1900க்குப் பிந்தைய ஆண்டுகளில் எந்த அணியும் ஒரே பருவத்தில் அத்தனை ஆட்டங்களில் தோற்றதில்லை. அதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்தது 1962இல் 120 ஆட்டங்களில் தோற்ற நியூயார்க் மெட்ஸ் அணி. ஆனால் மெட்ஸ் அந்த ஆண்டுதான் பிறந்த அணி. பிற அணிகள் விட்டுக்கொடுத்த வீரர்களைக் கொண்டு கட்டப்பட்டது. ஒயிட் சாக்ஸோ மேஜர் லீக் எனப்படும் உயர்மட்டப் பேஸ்பாலின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் 1901இல் உருவானபோதே இருந்த அணி, ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை 2005இல் வென்ற அணி, எல்லாவற்றுக்கும் மேலாக 2021இல், அதாவது மூன்றே ஆண்டுகளுக்கு முன்பு, 93 ஆட்டங்களை வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்த அணி. விளக்கம் தேவைப்படுவது இந்த மூன்று ஆண்டுச் சரிவுக்குத்தான்.

பேஸ்பால் ரசிகர்களின் உரையாடலில் எப்போதும் மூன்று பொருள்கள் சூடாக இருக்கும். எந்த வீரரை எந்த அணிக்கு மாற்றலாம் என்னும் ட்ரேட் கணக்குகள் ஒன்று. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை என்ன செய்வது என்பது இரண்டாவது. ஆட்ட விதிகளை மாற்றலாமா கூடாதா என்பது மூன்றாவது. இம்மூன்றையும் தனித்தனிச் சர்ச்சைகளாகவே பலரும் நடத்துகிறார்கள். எனக்கு அவை ஒரே சர்ச்சையின் மூன்று முகங்களாகவே தெரிகின்றன. ஓர் அணி ஏன் தன் சிறந்த வீரரை விற்கிறது, விற்ற பிறகு ஏன் ஆண்டுக்கணக்கில் தோற்கிறது, அந்தத் தோல்விக்கு அதற்கு என்ன கிடைக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விதிப் புத்தகங்களில்தான் விடை இருக்கிறது. மைதானத்தில் நடுவர் கையாளும் புத்தகத்தைவிட, உரிமையாளர்களும் வீரர் சங்கமும் கையெழுத்திடும் ஒப்பந்தப் புத்தகமே இதில் முக்கியமானது.

ஒயிட் சாக்ஸ் அணியின் பரிமாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு சங்கிலி தெரியும். 2016 டிசம்பரில் அந்த அணி தன் முதன்மைப் பிட்சரான (பந்தெறிபவரான) கிறிஸ் சேலை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்து, யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உள்ளிட்ட இளம் வீரர்களைப் பெற்றது. மறு ஜூலையில் ஹோசே கின்டானா என்ற இன்னொரு பிட்சரை நகரின் மறுபக்கத்து அணியான கப்ஸுக்குக் கொடுத்து, எலோய் ஹிமெனேஸையும் டிலன் சீஸையும் வாங்கியது. அன்று பெற்ற இளைஞர்கள் முதிர்ந்து 2020இலும் 2021இலும் அணியை, சிறந்த அணிகள் மட்டும் பருவ முடிவில் மோதும் பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டு சென்றார்கள். ஆனால் 2021இல் ஹூஸ்டனிடம் முதல் தொடரிலேயே தோற்றதோடு அந்த ஏற்றம் நின்றுபோனது. 2022இல் வெற்றியும் தோல்வியும் சமமாக 81. 2023இல் 101 தோல்விகள். அந்த ஆகஸ்டில் அணியின் நிர்வாகத் தலைவர்கள் இருவரும் நீக்கப்பட்டனர். புதிய பொது மேலாளராகப் பொறுப்பேற்ற கிறிஸ் கெட்ஸ் 2024 மார்ச்சில் டிலன் சீஸை சான் டியேகோ பத்ரேஸுக்குக் கொடுத்தார்.

சீஸுக்கு ஈடாக வந்தவர்களில் முக்கியமானவர் ட்ரூ தோர்ப் என்னும் இளம் பிட்சர். அவரே மூன்று மாதங்களுக்கு முன்புதான், ஹுவான் சோட்டோவை நியூயார்க் யாங்கீஸ் வாங்கியபோது, அதற்கு விலையாக சான் டியேகோவுக்கு அனுப்பப்பட்டவர். சோட்டோவோ 2022 ஆகஸ்டில் வாஷிங்டன் நேஷனல்ஸிடமிருந்து சான் டியேகோவுக்கு மாற்றப்பட்டவர். கின்டானாவில் தொடங்கிய சிகாகோவின் கணக்கும் சோட்டோவில் தொடங்கிய வாஷிங்டனின் கணக்கும் இப்படித் தோர்ப் என்ற ஒரே இளைஞனில் வந்து சேர்ந்தன. 2025 பருவம் தொடங்கும் முன்பே அவருக்கு முழங்கை அறுவைச் சிகிச்சை நடந்து, அந்த ஆண்டு முழுவதும் அவரால் ஆட முடியாமல் போயிற்று. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இளம் பிட்சரின் கையை நம்பி எழுதப்படும் எந்தக் கணக்கும் இப்படித் தவறக்கூடியதுதான். ஆனால் 2024 ஜூலை 25 அன்று வாஷிங்டனில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து ஓடி ஓட்ட நிலையை எட்டுவது) கொடுக்காமல் சீஸ் ஆட்டத்தை முடித்தபோது, தோல்வி மேல் தோல்வி கண்டுகொண்டிருந்த தங்கள் அணியைப் பார்த்தபடி அச்செய்தியைக் கேட்ட சிகாகோ ரசிகரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை. அதே ஆண்டில் கிறிஸ் சேல் அட்லாண்டாவுக்காக ஆடி மற்றப் பாதியான நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைப் பெற்றார். ஜூலை இறுதியில் விற்கப்பட்ட கோபெக், டாட்ஜர்ஸ் அணியுடன் உலகத் தொடரை வென்றார்.

அந்த 2024 பருவத்தில் ஒயிட் சாக்ஸ் முதல் 25 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்றது. ஜூலையில் தொடங்கித் தொடர்ச்சியாக 21 ஆட்டங்களில் தோற்று, 1988இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் ஏற்படுத்திய அமெரிக்கன் லீக் கணக்கைச் சமன் செய்தது. ஆகஸ்டில், களத்தில் அணியை நடத்தும் மேலாளர் பெட்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டார். இறுதிக் கணக்கு 41 வெற்றி, 121 தோல்வி.

இவ்வளவு விலை கொடுத்தும் அணிகள் ஏன் தங்கள் சிறந்த வீரர்களை விற்கின்றன? மேஜர் லீகில் ஒரு வீரர் ஆறு ஆண்டுப் பணிக்காலத்தை நிறைவு செய்யும்வரை அவர் எங்கே ஆடுவது என்பதை அணியே முடிவு செய்யும். முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியம்தான்; 2025இல் அது ஆண்டுக்கு 7,60,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளில் ஊதியத் தகராறைத் தீர்க்கும் நடுவர் மன்றத்தின் வழியாக ஊதியம் உயரும். ஆறு ஆண்டுகள் முடிந்ததும் வீரர் சுதந்திரமடைந்து, தான் விரும்பும் அணியிடம், சந்தை தரும் விலைக்குப் போகலாம். 2024 டிசம்பரில் சோட்டோ நியூயார்க் மெட்ஸ் அணியுடன் 15 ஆண்டுகளுக்கு 765 மில்லியன் டாலர் ஒப்பந்தம் செய்தது இந்தச் சுதந்திரத்தின் பலன். ஒயிட் சாக்ஸ் அணி அதுவரை தன் வரலாற்றிலேயே கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு அளித்த 75 மில்லியன்தான். சோட்டோவின் தொகை அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

ஆகவே அந்த ஆறு ஆண்டுகளின் முடிவு நெருங்கும்போது, வீரரைத் தக்கவைக்கப் பணம் கொடுக்க மனமில்லாத அணிக்கு ஒரு கெடு தொடங்குகிறது. சோட்டோவை வாஷிங்டன் விற்றபோது அவருக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் மீதமிருந்தன. 15 ஆண்டுகளுக்கு 440 மில்லியன் என்ற வாய்ப்பை அவர் மறுத்த சில வாரங்களில் அந்தப் பரிமாற்றம் நடந்தது. சீஸை சிகாகோ விற்றபோது மீதமிருந்தவை இரண்டு பருவங்கள். 2024 டிசம்பரில் கேரட் க்ராஷே என்ற இடக்கைப் பிட்சரை பாஸ்டனுக்குக் கொடுத்தபோதும் இரண்டே பருவங்கள். வாங்கும் அணிக்குப் பயன்படும் அளவுக்குக் காலம் இருக்க வேண்டும், விற்கும் அணிக்கு இனியும் பொறுக்க முடியாத நிலை வந்திருக்க வேண்டும் என்ற இரண்டும் சந்திக்கும் புள்ளி பெரும்பாலும் இதுவே. கூடைப்பந்தில் நடப்பதுபோல எதிர்கால டிராஃப்ட் (புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வாய்ப்புகளைக் கைமாற்றுவதும் பேஸ்பாலில், சில கூடுதல் வாய்ப்புகளைத் தவிர, அனுமதிக்கப்படுவதில்லை. எனவே இந்தச் சந்தையின் முதன்மை நாணயம் இன்னும் மேஜர் லீகைப் பார்க்காத இளைஞர்கள்தான்.

விற்காமல் இருப்பதும் இலவசமல்ல. கொலராடோ ராக்கீஸ் 2021 ஜூலையில், ஒப்பந்தம் முடியவிருந்த ட்ரெவர் ஸ்டோரியை எவருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டது; பருவம் முடிந்ததும் அவர் பாஸ்டனுக்குப் போய்விட்டார், கொலராடோவுக்கு ஈடாக ஒரு டிராஃப்ட் வாய்ப்பு மட்டும் மிஞ்சியது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நோலன் அரெனாடோவை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தபோதோ அவரது ஊதியத்தில் ஏறக்குறைய 50 மில்லியன் டாலரையும் தானே சுமந்தது. மீள்கட்டுமானம் என்று அறிவித்து எல்லோரையும் விற்கும் வழியை ராக்கீஸ் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படியிருந்தும் 2025இல் 119 ஆட்டங்களில் தோற்றது. எடுத்த ரன்களைவிடக் கொடுத்த ரன்கள் 424 அதிகம், நவீன காலத்தில் இதைவிடப் பெரிய இடைவெளி எந்த அணிக்கும் இருந்ததில்லை. விற்பதே பாவம் என்று சொல்லும் ரசிகர்கள் இந்த அணியையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆறு ஆண்டு விதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும் உரிமை அணிக்கு இருந்தது. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தன்னை ஃபிலடெல்பியாவுக்கு மாற்றியபோது, கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர், தன்னை வாங்கவும் விற்கவும் கூடிய சரக்காக நடத்துவதை ஏற்க மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவரது ஆட்ட வாழ்க்கையும் அதற்குள் முடிந்திருந்தது. ஆனால் அவர் திறந்த வழியில் மற்றவர்கள் நடந்தார்கள். பத்தாண்டுகள் மேஜர் லீகில் ஆடி, அதில் கடைசி ஐந்தாண்டுகளை ஒரே அணியில் கழித்தவர் தன்னை மாற்றுவதைத் தடுக்கலாம் என்ற உரிமை 1973இல் வந்தது. 1975 டிசம்பரில் ஆண்டி மெசர்ஸ்மித் என்னும் பிட்சரின் வழக்கில் தொழில் தகராறு நடுவர் அளித்த தீர்ப்பு பழைய கட்டுப்பாட்டை உடைத்தது. மறு ஆண்டு ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஆறு ஆண்டுகள் என்ற சமரசத்துக்கு வந்தன. அரை நூற்றாண்டு ஆகியும் அந்த எண் மாறவில்லை. இன்றைய ட்ரேட் சந்தை முழுவதும் அந்தச் சமரசத்தின் மேல்தான் நிற்கிறது.

இனித் தோல்வியின் பலனுக்கு வருவோம். 2022 வரை டிராஃப்ட்டில் முதல் வாய்ப்பு முந்தைய பருவத்தின் கடைசி அணிக்கே போனது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகளிலும் 100க்கு மேற்பட்ட ஆட்டங்களில் தோற்று, அடுத்தடுத்து மூன்று டிராஃப்ட்களில் முதல் வீரரைத் தேர்ந்தெடுத்தது; அவர்களில் ஒருவரான கார்லோஸ் கொரெயா அணியின் தூணாக வளர்ந்தார், 2017இல் உலகத் தொடர் கிடைத்தது. அந்த வெற்றியின் மேல் எதிரணியின் சைகைகளைத் திருடிய குற்றத்தின் கறை படிந்திருந்தாலும், தோற்றுத் தோற்றே மேலேறலாம் என்ற பாடத்தை மற்ற அணிகள் கற்றுக்கொண்டன. பால்டிமோர் 2018இல் 115, 2021இல் 110 என்று தோற்றுவிட்டு 2023இல் 101 ஆட்டங்களை வென்றது.

இதைத் தடுக்கத்தான் 2022 ஒப்பந்தத்தில் குலுக்கல் முறை வந்தது. பிளேஆஃப் சுற்றுக்குள் நுழையாத அணிகளிடையே முதல் ஆறு இடங்கள் குலுக்கலில் முடிவாகின்றன. வருவாய்ப் பகிர்வில் பணம் பெறாத பெருநகர அணிகள் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் குலுக்கல் இடத்தைப் பெறவும் முடியாது. சிகாகோ பெருநகரம்; முந்தைய ஆண்டில் ஒயிட் சாக்ஸ் குலுக்கலில் ஓர் இடத்தைப் பெற்றுவிட்டது. ஆகவே 121 ஆட்டங்களில் தோற்ற அணி 2025 டிராஃப்ட்டில் பத்தாவதாகத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. வேண்டுமென்றே தோற்பதைத் தண்டிக்க வேண்டும் என்ற நோக்கம் எனக்கும் உடன்பாடே. ஆனால் தண்டனை யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அணியின் மதிப்பும் ஒளிபரப்புப் பங்கும் உரிமையாளருக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்க, எதிர்காலம் என்ற ஒன்றை மட்டுமே கையில் வைத்திருந்த ரசிகரிடமிருந்து அதிலும் ஒரு பகுதியை விதி எடுத்துக்கொண்டது. குறைந்தபட்சமாக இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை உரிமையாளர்மீது வைத்திருந்தால் தண்டனை சரியான இடத்துக்குப் போயிருக்கும்.

மைதான விதிகளைப் பற்றிய சர்ச்சை இவற்றையெல்லாம்விட அதிக ஓசையோடு நடக்கிறது; அதற்குக் காரணமும் உண்டு, அந்த மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. 2023இல் பிட்ச் கிளாக் வந்தது. பேஸ்களில் (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நிலைகளில்) யாரும் இல்லாதபோது 15 விநாடிக்குள், ஆள் இருந்தால் 20 விநாடிக்குள் பிட்சர் பந்தெறியத் தொடங்க வேண்டும். மறு ஆண்டு அந்த 20 விநாடி 18 ஆனது. கடிகாரமே இல்லாத விளையாட்டு என்ற பெருமையை இது அழித்துவிடும் என்று அஞ்சியவர்கள் பலர். ஆனால் 2022இல் மூன்று மணி நேரத்தைத் தாண்டியிருந்த ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி, 2023இல் 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. குறைந்தது ஆட்டமல்ல, பந்துக்கும் பந்துக்கும் இடையே இருந்த வெற்று நேரம். மைதானத்துக்கு வந்தோர் எண்ணிக்கை 64.5 மில்லியனிலிருந்து 70.7 மில்லியனுக்கு உயர்ந்ததற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எதிர்ப்பு பெருமளவு அடங்கிவிட்டது.

அதே ஆண்டு பேஸ்களின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கப்பட்டது. ஓடத் தயாராக நிற்பவரைத் தடுக்கப் பிட்சர் எடுக்கும் முயற்சிகளும் இரண்டாக மட்டுப்படுத்தப்பட்டன. பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் பேஸ் திருட்டுகள் 2022இல் 2,486ஆக இருந்து, 2023இல் 3,503 ஆயின. ட்ரேட் பேசும் ரசிகர்கள் இங்கேதான் நின்று கவனிக்க வேண்டும். இந்த மாற்றம் வேகமாக ஓடும் வீரர்களின் விலையை ஒரே இரவில் உயர்த்தியது. பழைய விதிகளின்கீழ் நடந்த பரிமாற்றத்தில் பெற்ற இளைஞன் புதிய விதிகளின்கீழ் வேறு வீரனாகிறான். 1968இல் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன் மட்டுமே கொடுத்து, பிட்சர்களின் ஆதிக்கம் உச்சத்துக்குப் போனபோது, மறு ஆண்டு பிட்சர் நிற்கும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. அன்றும் இதுவே நடந்தது: எந்தத் திறமைக்கு எவ்வளவு மதிப்பு என்பது மாறிவிட்டது.

2026 பருவத்துக்கென ஏற்கப்பட்ட ஸ்ட்ரைக் முறையீட்டு விதி இதற்கு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. நடுவரே வழக்கம்போல ஸ்ட்ரைக் (அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்த பந்து), பால் (எல்லைக்கு வெளியே போன பந்து) என்று சொல்வார். பேட்டர், பிட்சர், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஆகிய மூவரில் ஒருவர் தலையைத் தொட்டுக் காட்டினால், கேமராக்கள் பந்தின் பாதையைச் சரிபார்க்கும். கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ். முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓர் அணிக்கு இரண்டு முறையீடுகள். சரியாக இருந்தால் முறையீடு குறையாது. மேலாளர் தலையிட முடியாது. முழுவதையும் இயந்திரத்திடம் ஒப்படைக்காமல், நடுவரையும் நீக்காமல், பெரிய பிழைகளை மட்டும் திருத்தும் இந்த நடுவழியை நான் மனமார வரவேற்கிறேன். இதில் இழப்பும் உண்டு. ஓரத்தில் விழும் பந்தைக் கையுறையின் மெல்லிய அசைவால் ஸ்ட்ரைக்காகத் தோன்றச் செய்யும் கலைக்காகவே சில கேட்சர்கள் பெரும் மதிப்பைப் பெற்றிருந்தார்கள். அந்தக் கலை அழியாது, ஆனால் அதன் விலை குறையும். எந்தப் பந்தை முறையிட வேண்டும் என்று கணத்தில் தீர்மானிக்கும் கண்ணுக்கு விலை கூடும். க்ராஷேயைக் கொடுத்து ஒயிட் சாக்ஸ் பெற்ற நால்வரில் கைல் டீல் ஒரு கேட்சர். 2023இல் லூகாஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோபெஸையும் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்துப் பெற்ற எட்கர் கேரோவும் கேட்சரே; அந்த விலை மாற்றம் இவ்விருவரையும் தொடும்.

எல்லா யோசனைகளையும் இதே மனநிலையோடு ஏற்க முடியாது. ஆட்டத்தில் ஒருமுறை, வரிசையை மீறி, ஓர் அணி தான் விரும்பும் பேட்டரை அனுப்பலாம் என்ற யோசனை உரிமையாளர்களிடையே பேசப்பட்டதாக ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் 2024 இறுதியில் குறிப்பிட்டபோது, ரசிகர்கள் கொதித்தெழுந்ததில் நியாயம் இருந்தது. தன் முறை வரும்வரை நட்சத்திரமும் காத்திருக்க வேண்டும் என்பது பேஸ்பாலின் அடிப்படை நீதி. ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் சமனாக இருந்தால் ஆடப்படும் கூடுதல் இன்னிங்ஸில், இரண்டாவது பேஸில் ஒரு வீரரைச் சும்மா நிறுத்திவைத்துத் தொடங்கும் விதியும் அந்த நீதியை உரசுகிறது. பிளேஆஃப் ஆட்டங்களுக்கு அவ்விதி பொருந்தாது என்பதால்தான், 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் நீண்டு, ஃபிரெடி ஃப்ரீமனின் ஹோம் ரன்னில் (எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) முடிய முடிந்தது.

ஒயிட் சாக்ஸ் 2025இல் 60 ஆட்டங்களை வென்றது. 102இல் தோற்றாலும், முந்தைய ஆண்டைவிட 19 வெற்றிகள் அதிகம். பாஸ்டனுக்குப் போன க்ராஷே அந்த ஆண்டு 255 பேட்டர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்து அமெரிக்கன் லீகில் முதலிடம் பெற்றார். அவரை ஆறு ஆண்டுகளுக்கு 170 மில்லியன் டாலரில் பாஸ்டன் தக்கவைத்துக்கொண்டது. சிகாகோ அணியில் ஜூலை 4 அன்று அறிமுகமான கோல்சன் மான்ட்கோமரி 71 ஆட்டங்களில் 21 ஹோம் ரன்கள் அடித்தார். இவர் பரிமாற்றத்தில் வந்தவரல்லர், 2021 டிராஃப்ட்டில் அணியே தேர்ந்தெடுத்து வளர்த்தவர். ரசிகர்கள் அவரிடம் வைக்கும் பாசத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைய விதிப்படி மான்ட்கோமரியின் ஆறு ஆண்டுகள் 2031 பருவத்தோடு நிறைவடையும். அப்படியானால் 2029 முடிவில், சோட்டோவையும் சீஸையும் க்ராஷேயையும் விற்ற அதே கெடு அவருக்கும் வந்து நிற்கும். அந்த ஆறு ஆண்டு விதியை உள்ளடக்கிய கூட்டு ஒப்பந்தமோ 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. முந்தைய ஒப்பந்தம் முடிந்தபோது 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 99 நாள்கள் கதவடைப்பு நீடித்தது; 1994 வேலைநிறுத்தத்தில் உலகத் தொடரே நடக்கவில்லை. ஊதியத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று உரிமையாளர்கள் பலர் பேசுகிறார்கள், வீரர் சங்கம் அதை என்றுமே ஏற்றதில்லை. சிகாகோவின் தெற்குப் பகுதி ரசிகர்களுக்கு மான்ட்கோமரி எத்தனை ஆண்டுகள் சொந்தமாக இருப்பார் என்பது அந்த மேசையில்தான் முடிவாகும். அங்கே ரசிகர்களுக்கு ஒரு நாற்காலி இல்லை.